தோள் அறுவைக்குப் பிறகு மறுபடியும் சால்மன் ஆறு: எப்போது, எப்படி?

டீக்கரையான் (அபர்டீன்), 17 அக்டோபர் 2024

எல்லோருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தின் டீ ஆற்றில் முந்தாநாளோடு சால்மன் மீன்பிடி சீசன் முடிந்துவிட்டது. இந்த ஆண்டு நான் தூண்டில் கோலைத் தொடவே இல்லை. ஜனவரிப் பனியில் நடைபாதையில் வழுக்கி விழுந்ததில் வலது தோளின் சுப்ராஸ்பைனேட்டஸ் (கையைப் பக்கவாட்டில் தூக்கும் தசை) தசைநார் முழுதாக அறுந்துபோனது. மே மாதம் கீஹோல் அறுவை செய்து எலும்போடு சேர்த்துத் தைத்தார்கள். தூளிக்கட்டெல்லாம் எப்போதோ கழற்றியாயிற்று. ரப்பர் பட்டைப் பயிற்சி நடக்கிறது. கை தலைக்கு மேலே போகிறது, ஆனால் பலம் பாதிதான்.

பிப்ரவரி 1-ஆம் தேதி டீ மறுபடி திறக்கும். அன்றைக்குத் தண்ணீரில் நிற்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. என்னிடம் இருப்பது 15 அடி இரட்டைக்கைக் கோல். இதுபோகப் பறக்கவிடும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடும் பழக்கமும் உண்டு. நண்பர் ஒருவர் குளிர்காலத்தில் பெண்மான் வேட்டைக்கு மலைக்குக் கூப்பிடுகிறார். இந்த மூன்றில் எதை முதலில் தொடலாம், எதைத் தள்ளிப் போடலாம்? மருத்துவமனையில் கேட்டால் "விளையாட்டுக்கு ஆறு மாதம் கழித்துத் திரும்பலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அவர்கள் மனதில் இருந்தது டென்னிஸாக இருக்கலாம். தோள் அடிபட்டுத் திரும்பி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ட்வீட் மாமா (எல்லைப்புறம்), 17 அக்டோபர் 2024

தம்பி, பிப்ரவரி வரை ஏன் காத்திருக்கணும்? ட்வீட் ஆறு நவம்பர் 30 வரை திறந்துதான் இருக்கு. கெல்சோவுக்குக் கீழே நல்ல பீட்களில் (மீன்பிடிக்கப் பிரித்த ஆற்றுத் துண்டுகளில்) படகு உண்டு, படகுக்காரரும் உண்டு. அவர் துடுப்பைப் பிடித்துப் படகை அங்குலம் அங்குலமாக இறக்குவார். நீ இருக்கையில் உட்கார்ந்து சின்ன வீச்சாகப் போட்டால் போதும், மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்ளும். எனக்கு இடுப்பு மாற்றிய ஆண்டு நான் அப்படித்தான் பிடித்தேன். வழுக்குகிற கல்லும் இல்லை, இழுக்கிற நீரும் இல்லை.

கரையில் ஏறி இறங்கத்தான் கொஞ்சம் கை கொடுக்கணும். அதற்கு ஆள் இருக்கு.

பிசியோ அக்கா (டண்டீ), 18 அக்டோபர் 2024

மாமா, உங்களுக்கு மாற்றினது இடுப்பு. இவருக்குத் தைத்தது தோள். இரண்டும் ஒரே கணக்கு இல்லை.

டீக்கரையான், முதலில் உங்கள் அறுவைக் குறிப்பை எடுத்துப் படியுங்கள். சுப்ராஸ்பைனேட்டஸ் மட்டும்தானா, தோளின் முன்பக்கச் சப்ஸ்கேப்புலாரிஸ் தசையையும் சேர்த்துத் தைத்தார்களா, பைசெப்ஸ் தசைநாரை இடம் மாற்றி வைத்தார்களா என்று பாருங்கள். இதைக் கேட்காமல் யார் சொல்கிற ஆலோசனையும் பாதிதான். பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் தூளி, பன்னிரண்டு வாரம் வரை பாரம் கூடாது, அதற்குப் பிறகுதான் பலப் பயிற்சியே ஆரம்பம். ஆறு மாதத்தில் அன்றாட வேலை ஓடும். ஆனால் எதிர்பாராத இழுப்பைத் தாங்கும் அளவுக்குத் தோள் தயாராக ஒன்பது மாதமோ ஒரு வருடமோ ஆகலாம்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று. சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்குங்கள். கை தோள் மட்டத்துக்கு வருவதற்குள் வலது தோள் காதைப் பார்த்து ஏறுகிறதா? ஏறினால், தைத்த தசை இன்னும் தன் வேலையைச் செய்யவில்லை, கழுத்துத் தசைதான் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. அந்த நிலையில் 15 அடிக் கோலை நாள் முழுக்க வீசினால் சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொள்ளும், ராத்திரி தோள் தூங்கவிடாது. ராத்திரி வலி வந்தாலே பகலில் செய்தது அதிகம் என்று அர்த்தம்.

நவம்பர் ட்வீட்டில் இலையுதிர்கால மீன் இருபது பவுண்டு இருக்கலாம். படகில் உட்கார்ந்திருந்தாலும் அது ஓடும்போது முதல் இழுப்பு வருவது கைக்குத்தான். அதனால் என் வாக்கு: இந்த நவம்பர் வேண்டாம்.

டீக்கரையான், 18 அக்டோபர் 2024

குறிப்பைப் பார்த்துவிட்டேன் அக்கா. சுப்ராஸ்பைனேட்டஸ் மட்டும். சப்ஸ்கேப்புலாரிஸ் முழுதாக இருக்கிறது, பைசெப்ஸைத் தொடவில்லை. கண்ணாடிச் சோதனையில் தோல்வி. தோள் ஜம்மென்று காதுக்கே வந்துவிட்டது.

மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். படகு எனக்குச் சரிப்படாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு வீச்சு, இரண்டடி நகர்வு, மறுபடி வீச்சு என்று ஆற்று மடு ஒன்றை மேலிருந்து கீழ்வரை தேய்த்துப் பிடிப்பதில்தான் எனக்கு ருசி.

கேர்ன்கார்ம் (இன்வெர்னஸ் பக்கம்), 19 அக்டோபர் 2024

இந்த இழையில் எல்லோரும் தோளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கவலை அவர் காலைப் பற்றி.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள். டீ ஆற்றுப் படுகை உருண்டைக் கல். மேலே பழுப்பாக ஒரு வழவழப்பு. முதல் கால் நழுவும்போது மனிதன் யோசிப்பதில்லை, கை தானாக நீள்கிறது. உள்ளங்கை கல்லில் ஊன்றுகிறது, உடம்புப் பாரம் முழுக்கத் தோளுக்குப் போகிறது. தைத்த தசைநார் மறுபடி அறுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. வீசுவதால் அறுந்த தோளை நான் பார்த்ததில்லை. விழுந்து அறுந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு முதல் முறை அறுந்ததும் விழுந்துதானே?

இன்னொன்று. ஒரு வருடமாக மலை ஏறவில்லை, ஆற்றில் நிற்கவில்லை என்றால் கணுக்காலும் தொடையும் உங்களுக்குத் தெரியாமலே பலம் இழந்திருக்கும். ஒற்றைக்காலில் நின்று பல் துலக்கிப் பாருங்கள், இரண்டு காலும் மாற்றி மாற்றி. அதுவே ஆடினால் தண்ணீரில் என்ன ஆகும்?

ஆகவே என் வரிசை: முதலில் கரையிலிருந்து, காலணி நனையாமல். பிறகு முழங்கால் ஆழம், சரளைப் படுகை, கூட ஒரு ஆள். இடுப்பாழம் கடைசி. ஊன்றுகோல் கட்டாயம், உங்களுக்கு இடது கையில். நீரோட்டத்துக்குப் பக்கவாட்டாக நின்று, ஒரு கால் ஊன்றிய பிறகே அடுத்த கால், கால்கள் குறுக்கே போகக்கூடாது. தானாக ஊதும் உயிர்காப்பு அங்கி போடுங்கள், கவட்டுப் பட்டியையும் மாட்டுங்கள். பட்டி இல்லையென்றால் தண்ணீரில் அங்கி காதுவரை ஏறும், அதைக் கீழே இழுக்க இரண்டு நல்ல கை வேண்டும். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் கீழ்நீரைப் பார்த்து மிதந்துகொண்டே கரை ஒதுங்குங்கள். பனி உருகி வரும் நீரில் முதல் ஒரு நிமிடம் மூச்சே திணறும். அந்த நேரத்தில் நீந்த முயலாமல் மிதந்தால் போதும்.

மயிலாப்பூர் வாசகன், 19 அக்டோபர் 2024

சும்மா எட்டிப் பார்க்க வந்தேன் சார், ஆர்வம் தாங்கவில்லை. மீன் பிடித்துத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவீர்கள் என்று இன்னொரு இழையில் படித்தேன். திரும்ப விடுவதற்கா தோளைத் தைத்துக்கொண்டு இந்தப் பாடு?

ட்வீட் மாமா, 19 அக்டோபர் 2024

என் மனைவி கேட்கிற அதே கேள்வி. அவளுக்கே இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

விஷயம் இதுதான். ஸ்காட்லாந்து முழுக்க மார்ச் 31 வரை பிடிக்கிற சால்மனை விட்டே ஆகணும், அது சட்டம். அதற்குப் பிறகு ஆற்றுக்கு ஆறு மாறும். மீன் மிகக் குறைந்த ஆறுகளில் ஆண்டு முழுக்க விடணும். 1952-இலிருந்து கணக்கு வைத்திருக்கிறார்கள், அதிலேயே கோலில் பிடிபட்டது மிகக் குறைவாக இருந்த ஆண்டு 2023. அதே டிசம்பரில் பிரிட்டன் சால்மனை அழிவின் ஆபத்தில் இருக்கும் இனம் என்று சிவப்புப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். சமைக்கணும் என்றால் கடையில் பண்ணை மீன் கிடைக்கும்.

ஒரு கை பலவீனமாக இருப்பவருக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. மீனை வலையில் ஏற்றி, தண்ணீரை விட்டு எடுக்காமல் கொக்கியைக் கழற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து அது தானாகத் துள்ளிப் போகிறவரை தாங்கணும். ஒற்றைக்கையால் முடியாது. முள் நசுக்கிய கொக்கி, முடிச்சில்லாத வலை, கூட ஒரு கில்லி (ஆற்றங்கரை மீன்பிடி உதவியாளர்) அல்லது நண்பர். இல்லாமல் போகாதே தம்பி.

டீக்கரையான், 21 அக்டோபர் 2024

கேர்ன்கார்ம் சார், பல் துலக்கும் சோதனையிலும் இடது கால் ஆடியது. ஆக மொத்தம் தோள் மட்டும் இல்லை என்று புரிகிறது.

ஒரு யோசனை. இடக்கையை மேலே வைத்து வீசப் பழகினால் என்ன? வலது கை கோலின் அடியைப் பிடித்தால் போதுமே. இது தோளுக்கு நல்லதா, இல்லை வேறு வம்பா?

கேர்ன்கார்ம், 21 அக்டோபர் 2024

அருமையான யோசனை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பே வீச்சு பிறந்ததே பின்னால் இடமில்லாத காரணத்தால். ஸ்பே ஆற்றில் முதுகுக்குப் பின்னால் மேடும் மரமும் இருக்கும். லைனை, அதாவது தூண்டில் நூலை, பின்னால் தூக்கி எறிய முடியாது. அதனால் லைனின் நுனியைத் தண்ணீரில் பக்கத்திலேயே நங்கூரமாகப் பதித்து, கோலுக்குப் பின்னால் ஒரு வளைவை மட்டும் உருவாக்கி, அங்கிருந்து முன்னால் உருட்டி விடுகிறோம். கையை உயர்த்தி அடிக்கும் தலைமேல் வீச்சோடு ஒப்பிட்டால் தோளுக்கு இதில் பாதி வேலைகூட இல்லை. சரியாகச் செய்தால் மேல்கை, அதாவது கோலின் மேற்பிடியில் இருக்கும் கை, காது உயரத்தைத் தாண்டாது.

பலம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் மேல்கையால் தள்ளுவார்கள். ஸ்வீடனின் கோரான் ஆண்டர்சன் பரப்பிய கீழ்க்கை முறையில் மேல்கை வெறும் அச்சு. கீழ்க்கை கோலின் அடியை வயிற்றைப் பார்த்து வெடுக்கென்று இழுக்கும், அவ்வளவுதான். இடக்கையை மேலே வைத்தால் உங்கள் வலது முழங்கை விலாவோடு ஒட்டியே இருக்கும். தோள் உயரவே வேண்டாம்.

எந்தக் கரை என்பதையும் பாருங்கள். கீழ்நீரைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் இருப்பது இடது கரை. அங்கே நின்று, காற்றும் ஆற்றின் போக்கிலேயே வீசினால், இடக்கை மேலே இருப்பவருக்கு டபுள் ஸ்பே மிகவும் சௌகரியம். கோலைத் தாழ்வாக மேல்நீருக்குக் கொண்டுபோய் லைனை முன்னால் கிடத்து. மறுபடி தாழ்வாகவே கீழ்நீர்ப் பக்கம் இழு. தண்ணீர் கிழிகிற சத்தம் கேட்கும். கோல் பின்னால் சுற்றி ஏறும்போது நங்கூரம் உன் இடப்பக்கம் ஒரு கோல் தூரத்தில் நிற்கணும். அப்புறம் வயிற்றுக்கு இழு. அவசரமே இல்லாத வீச்சு, ஒவ்வொரு கட்டத்திலும் நின்று மூச்சு விடலாம். காற்று மேல்நீர்ப் பக்கம் திரும்பினால் மட்டும் அன்றைக்கு டபுள் ஸ்பே வேண்டாம். கொக்கி உங்கள் முகத்துக்கே வரும்.

15 அடியைப் பரணில் போடுங்கள். பதின்மூன்று அடிக் கோல், எட்டாம் எண் லைன், குட்டையான ஷூட்டிங் ஹெட் (லைனின் கனமான முன்பகுதி). இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது, இது ஒரு வருடத்துக்கான ஏற்பாடுதானே. ரீல் மிக லேசாக இருந்தால் கோல் முன்னால் சாயும், அதைத் தூக்கிப் பிடிக்கிற வேலை மேல்கைக்கு வரும். மேல்கை பிடிக்கும் இடத்தில் விரல் வைத்தால் கோல் தராசுபோல் நிற்கணும்.

கடைசியாக ஒன்று, எல்லாவற்றிலும் முக்கியமானது. பிப்ரவரி 1-ஐ மறந்துவிடுங்கள். அன்றைக்கு டீயில் மூழ்கும் லைனும் பித்தளைக் குழாய் ஃப்ளையும் (இறகும் மயிரும் கட்டிய போலி இரை) போடணும். கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். ஆழத்தில் கிடக்கிற லைனை ஒவ்வொரு தடவையும் மேலே கொண்டுவருவதுதான் தோளைக் கொல்லும் வேலை, வீச்சு இல்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து டீயில் மிதக்கும் லைன், விரல் நகம் அளவு ஃப்ளை. கேர்ன்டன் பீட்டில் ஆர்தர் உட் நூறு வருடம் முன்னாலேயே பட்டு லைனுக்குக் கொழுப்புத் தடவி மிதக்கவிட்டு மேற்பரப்பில் மீன் பிடித்துக் காட்டிய அதே ஆறு இது. மேயில் போங்கள்.

பிசியோ அக்கா, 22 அக்டோபர் 2024

கேர்ன்கார்ம் அண்ணா எழுதியதில் தோள் பற்றிய பகுதிக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். முழங்கை விலாவோடு ஒட்டியபடி இழுப்பது சுப்ராஸ்பைனேட்டஸுக்குப் பெரிய பாரம் இல்லை. ஆனால் இது டீக்கரையானுக்கு மட்டும். சப்ஸ்கேப்புலாரிஸ் தைத்தவர்கள் இதைப் படித்துவிட்டுப் போய் வயிற்றுக்கு இழுக்காதீர்கள். அவர்களுக்கு அந்த இழுப்பேதான் ஆபத்து.

டீக்கரையான், இப்போதே ஆரம்பிக்கலாம். துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். தோள் ஏறாமல் அந்த அசைவை மட்டும் பழகுங்கள். தை மாதத்துக்குள் குளக்கரையில் கொக்கி இல்லாமல் வெறும் கம்பளி நூல் கட்டி வீசிப் பார்க்கலாம். புல்தரையில் வேண்டாம், அங்கே லைனைப் பிடித்து நிறுத்தத் தண்ணீர் இல்லை. கை தன்னையறியாமல் பலத்தைக் கூட்டும்.

வன்னிப்பெடியன் (கிளாஸ்கோ), 23 அக்டோபர் 2024

அண்ணை, மீன் கதை எனக்குத் தெரியாது. துவக்குக் கதை கதைக்கிறன்.

எனக்கு வலது தோள்மூட்டு இரண்டு தரம் விலகினது. திரும்பிப் போய் களிமண் தட்டுச் சுடத் தொடங்கேக்க எல்லாரும் சொன்னது, "பன்னிரண்டு போர் (குழல் அளவு) துவக்கை விட்டிட்டு இருபது போர் எடு, உதை குறைவு" எண்டு. அது முழுப்பிழை இல்லை, ஆனால் பாதிப் பிழை. இருபது போர்த் துவக்கு பாரம் குறைவு. அதே கிராம் தோட்டாவைப் போட்டால் பாரம் குறைஞ்ச துவக்குத்தான் கூட உதைக்கும். உதையைக் குறைக்க வேணுமெண்டால் தோட்டாவைக் குறையுங்கோ. இருபத்தெட்டு கிராமை விட்டிட்டு இருபத்தொரு கிராம். வாயுவில ஓடுற அரைத் தானியங்கி கிடைச்சால் உதை ஒரு தள்ளு மாதிரித்தான் வரும்.

ஆனால் உண்மையான கஷ்டம் உதை இல்லை. மூண்டரைக் கிலோவை ஒவ்வொரு தட்டுக்கும் தோளுக்குத் தூக்கி வைக்கிறதுதான். களைச்ச தோள் துவக்கைச் சரியான இடத்தில வாங்காது, கொஞ்சம் வெளியால, கைச் சந்துப் பக்கம் வாங்கும். அடுத்த நாள் நீலம் பாரிச்சு நிக்கும், கன்னத்திலயும் அடி விழும். அதால முதல் நாள் துவக்கைத் தோளில வைச்சபடியே தட்டைக் கூப்பிடுங்கோ. ஒரு சுற்று முழுக்க வேண்டாம், அரைவாசியோட நிப்பாட்டுங்கோ.

இடத்தோளுக்கு மாத்தலாமோ எண்டு யோசிப்பியள். வலக்கண் ஆதிக்கம் எண்டால் தட்டு ஒண்டும் விழாது.

இந்தக் குளிர்காலம் சுடாமல் இருக்க ஏலாட்டில் பெசன்ட் (காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை) வேட்டையில அடிச்சுக் கலைக்கிற ஆக்களோட போங்கோ. பெப்ரவரி 1 வரைக்கும் சீசன். ஒரு கையில கொடி, மற்றது சட்டைப்பைக்குள்ள. காலுக்கு நல்ல பயிற்சி, பின்னேரம் சூப்பும் தருவினம்.

தட்டான் (பேர்த்), 24 அக்டோபர் 2024

வழக்கமாக வாசிப்பதோடு சரி, இன்றைக்கு எழுதணும் போலிருக்கிறது.

எனக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். கை பக்கவாட்டில் உயரவே மறுத்தது. அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய 'காஸ்டிங் ஃபார் ரிகவரி' பற்றி அப்போதுதான் படித்தேன். மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு ஃப்ளை மீன்பிடி கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த வீச்சின் அசைவு அறுவைக்குப் பின் இறுகிய திசுக்களுக்கு மென்மையான நீட்டல் என்பதுதான் அவர்கள் யோசனை. காயம்பட்ட படைவீரர்களுக்கு 2005-இல் வாஷிங்டன் வால்டர் ரீட் மருத்துவமனையில் தொடங்கிய 'ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்' அமைப்பும் இதே வழியில் வந்ததுதான். நான் அங்கெல்லாம் போகவில்லை. படித்துவிட்டு, என் சிகிச்சையாளரிடம் கேட்டுவிட்டு, சிறிய ஏரியில் லேசான கோலோடு ட்ரவுட் மீனுக்குப் போனேன். எனக்குச் சால்மன் கோலைவிட அதுதான் ஒத்துவந்தது. கை வீங்குகிறதா என்று மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.

எழுத வந்தது வேறு. டீக்கரையான், உங்கள் முதல் பதிவில் "மனசு அடித்துக்கொள்கிறது" என்று ஒரு வரி இருந்தது. சீசன் முழுக்க ஆற்றை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான். அது லேசான விஷயம் இல்லை. என் விஷயத்தில் அது மனச்சோர்வாகவே மாறி மருந்து எடுக்கும்படி ஆயிற்று. வீட்டில் ஷாட்கன் சான்றிதழ் இருந்ததால் மருத்துவரிடம் சொன்னால் பறித்துவிடுவார்களோ என்று வெகுநாள் மறைத்தேன். அப்படித் தானாக எல்லாம் பறிப்பதில்லை. சான்றிதழ் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது. விண்ணப்பத்தில் மனச்சோர்வையும் கேட்கிறார்கள், மருத்துவரிடமும் தகவல் வாங்குகிறார்கள். சிகிச்சை எடுத்துக்கொண்டு சரியாக இருப்பவரைவிட மறைப்பவரைப் பற்றித்தான் காவல்துறைக்குக் கவலை. அந்தக் காலத்துக்குத் துப்பாக்கியைப் பதிவுபெற்ற விற்பனையாளரிடம் பாதுகாப்பில் வைத்துவிடலாம். நான் அப்படித்தான் வைத்தேன். வீட்டில் அது இல்லாதது அப்போது நிம்மதியாகவே இருந்தது.

கடுமையான வலி மாத்திரை எடுக்கிற நாளில் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

டீக்கரையான், 24 அக்டோபர் 2024

தட்டான் அக்கா, நன்றி. இதைப் பற்றி உங்களுக்குத் தனிமடல் அனுப்புகிறேன்.

கேர்ன்கார்ம், 25 அக்டோபர் 2024

மான் வேட்டை பற்றி யாரும் எழுதவில்லை, நானே முடித்துவிடுகிறேன். பெண்மான் சீசன் பிப்ரவரி 15 வரை. ஆண்மானுக்கு இருந்த மூடுகாலத்தைப் போன ஆண்டே நீக்கிவிட்டார்கள், ஆக ஆண்டு முழுக்க வாய்ப்பு இருக்கிறது. இந்தக் குளிர்காலத்துக்கு அவசரம் இல்லை.

துப்பாக்கி ஒரு பிரச்சினையே இல்லை. மலையில் மானிடம் கூட்டிப்போகும் ஸ்டாக்கர்தான் சுமப்பார். குழலுக்கு அடியில் கவட்டுக் கால் வைத்து, ஒலியடக்கி பொருத்தி, படுத்துச் சுட்டால் உதை சின்னது. பிரச்சினை ஊர்ந்து போவதில். ஈரப் புதரில் முழங்கையை ஊன்றி உடம்பை முன்னால் இழுக்கணும், சில நேரம் கால் மணி நேரம். அது முழுக்கத் தோள். அதன் பிறகு மானைச் சரிவில் இழுத்து வருவது. மேடுபள்ளத்தில் ஓடும் ஆர்கோகேட் வண்டியும் எட்டாத இடத்தில் ஆள்தான் இழுக்கணும். நண்பரோடு போங்கள், தொலைநோக்கியோடு மட்டும். இந்த வருடம் அவர் சுடட்டும்.

ட்வீட் மாமா, 25 அக்டோபர் 2024

இவர் மீனுக்கும் மேயில் போகச் சொல்கிறார், மானுக்கும் தொலைநோக்கி மட்டும் என்கிறார். பையன் கல்யாண வீட்டில் பத்தியம் இருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

நான் ஒன்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். படகை இளக்காரமாக நினைக்காதே. பிரிட்டனில் கோலில் பிடிபட்ட மிகப் பெரிய சால்மன் 64 பவுண்டு. 1922 அக்டோபர் 7, டே ஆறு, கேப்புத் பக்கம், பிடித்தவர் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண். அப்பாவோடு படகில் இருந்தபோதுதான் அது மாட்டியது. கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

பிசியோ அக்கா, 25 அக்டோபர் 2024

மாமா, அவருக்குத் தோள் தைத்திருக்கவில்லை.

டீக்கரையான், 3 பிப்ரவரி 2025

சீசன் திறந்த அன்று பான்கரி பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், கோல் இல்லாமல். கேர்ன்கார்ம் சார் சொன்னது அப்படியே. ஒருவர் வளையத்துப் பனிக்கட்டியை வாயால் ஊதிக்கொண்டிருந்தார். பொறாமை கொஞ்சம்தான் வந்தது.

கண்ணாடிச் சோதனையில் இப்போது தோள் தோளாகவே இருக்கிறது. பெசன்ட் கலைக்கவும் ஜனவரியில் போனேன், வன்னிப்பெடியன் சொன்ன சூப் உண்மை. குளத்தில் கம்பளி நூல் கட்டி இடக்கை வீச்சு நடக்கிறது. நங்கூரம் போன இடம் எதுவென்று எனக்கே தெரிவதில்லை. ஒருமுறை லைன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

கேர்ன்கார்ம், 3 பிப்ரவரி 2025

கோல் பின்னால் சுற்றும்போது நுனியைத் தாழ்த்துகிறீர்கள். நுனி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகணும். தாழ்ந்தால் வளைவு உடைந்து லைன் குவியலாக விழும். நங்கூரத்தைக் கண்ணால் பாருங்கள், முன்னால் எதிர்க்கரையைப் பார்க்காதீர்கள். அது எங்கேயும் போகாது.

டீக்கரையான், 19 மே 2025

சனிக்கிழமை டீயில் ஒரு நாள் கிடைத்தது. எல்லோருக்கும் ஒரு அறிக்கை கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இடது கரை, இரவல் வாங்கிய பதின்மூன்று அடிக் கோல், மிதக்கும் லைன், சின்ன கேஸ்கேட் ஃப்ளை. தண்ணீர் மிகக் குறைவு, அடியில் ஒவ்வொரு கல்லும் எண்ணுகிற மாதிரித் தெரிந்தது. கில்லியிடம் தோள் கதையைச் சொன்னவுடன் வேடர்ஸை (ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகாக் காற்சட்டை) வண்டியிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். சரளைத் திட்டில் நின்று வீசினேன். காலையில் நன்றாகவே போனது. பதினோரு மணிக்கு மேல் காற்று திரும்பியது, டபுள் ஸ்பேயை நிறுத்திவிட்டேன். கில்லி தேநீர் போட்டார்.

மதியம் மடுவின் வாலில் ஒரு மீன் தொட்டது. லைன் இறுகி, ரீல் இரண்டு மூன்று சுற்று ஓடி, அப்படியே தளர்ந்துபோனது. பழக்கதோஷத்தில் கோலை வானத்துக்கு உயர்த்தப் போனவன் அக்காவை நினைத்துப் பக்கவாட்டிலேயே தாழ்த்திப் பிடித்தேன். மீன் போனதற்கு அது காரணம் இல்லை என்று கில்லி சத்தியம் செய்கிறார்.

தோளில் ராத்திரி வலி இல்லை. இடது முன்னங்கை மட்டும் கடுகடுவென்று இருக்கிறது. இதுவரை வேலையே செய்யாமல் இருந்த கை.

பிசியோ அக்கா, 19 மே 2025

முன்னங்கை வலிக்குக் காரணம் கோலை இறுக்கிப் பிடிப்பது. இரண்டு விரலால் பிடித்து வீசிப் பாருங்கள். இரண்டு நாள் கழித்தும் தோளில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த வாரமும் போகலாம். தொடர்ந்து இரண்டு நாள் வேண்டாம். சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கவே கூடாது, சட்டமே உங்களை ஓய்வெடுக்க வைக்கும்.

ட்வீட் மாமா, 19 மே 2025

மீன் போனதற்குக் கோலைத் தாழ்த்தியதுதான் காரணம். கில்லிக்கு டிப்ஸ் வேண்டும், அதனால் சத்தியம் செய்கிறார்.

நவம்பரில் படகில் ஒரு இடம் காலியாக இருக்கு. தோள் சரியாகிவிட்டது என்கிறாய், இனி என்ன சாக்கு?

டீக்கரையான், 20 மே 2025

இனி சாக்கு இல்லை மாமா, வருகிறேன். ஆனால் நடுவில் ஒருநாளாவது கரையில் நிற்க விடணும்.

வன்னிப்பெடியன், ஜூன் இரண்டாம் வாரம் கிளாஸ்கோ வருகிறேன். இருபத்தொரு கிராம் தோட்டா நானே வாங்கி வருகிறேன். உங்கள் அரைத் தானியங்கி ஒரு அரைச் சுற்றுக்குக் கிடைக்குமா?

வன்னிப்பெடியன், 20 மே 2025

கிடைக்கும் அண்ணை. ஆனால் வாங்க முதல் தோட்டாப் பெட்டியில எழுதியிருக்கிறதைப் பாருங்கோ. என்ர துவக்கு இருபத்தொரு கிராமில சிலவேளை அடுத்த தோட்டாவை ஏத்தாமல் சிக்கும், வாயு காணாது. இருபத்துநாலு வாங்கினால் ஒழுங்கா ஓடும். சான்றிதழைக் கையோட கொண்டு வாங்கோ, கடையில காட்டச் சொல்லிக் கேப்பினம்.